வாய்ச்சொல்லும் சட்டச்சொல்லும்

ஆளுநர் எவர்க்குக் கட்டுப்பட்டவர்? மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆட்சியைக் கலைக்கும் உரிமை எவர்க்கு உண்டு? மாநிலப் பேரவை இயற்றிய சட்ட வரைவை ஒருவர் எத்துணைக் காலம் தம் மேசையில் கிடத்தி வைத்திருக்கலாம்? இவ் வினாக்கள் அண்மையில் முளைத்தவை என்றும், மாநிலக் கட்சிகள் தம் வாழ்வுக்காகக் கிளப்பிவிட்டவை என்றும் தில்லிப் பக்கமிருந்து அடிக்கடி சொல்லப்படுகின்றது. அவ்வாறு சொல்வோர் அரசமைப்பு அவையின் நடவடிக்கைத் தொகுதிகளைப் புரட்டிப் பாராதவர். அல்லது புரட்டிப் பார்த்தும் மறைப்பவர். இவ் வினாக்கள் அத்தனையும் 1947-க்கும் 1949-க்கும் இடையே அவ் வவையிலேயே எழுந்தவை. எழுப்பியவர்கள் பிரிவினை கேட்டவர்கள் அல்லர். அவருட் பெரும்பாலோர் காங்கிரசுக் கட்சியின் உறுப்பினர்களே. அவர்களுக்கு விடையும் கிடைத்தது. ஆனால் அவ் விடை சட்டத்தின் எழுத்தில் கிடைக்கவில்லை; அவையின் முன்வரிசையிலிருந்து வாய்மொழியாகக் கிடைத்தது. இன்றைய இடர்ப்பாட்டின் வேர் அங்கேதான் உள்ளது.

அவ் வவை எப்படி அமைந்தது என்பதை முதலிற் காணல் வேண்டும். 1946 திசம்பர் 9-ஆம் நாள் அது முதன்முறையாகக் கூடியது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்து அமைத்த அவை அன்று அது. சொத்தும் வரியும் கல்வியும் உடையார்க்கே வாக்குரிமை என்றிருந்த காலத்தில் தேர்வு பெற்ற மாகாணச் சட்டப் பேரவைகளின் உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தனுப்பியவர்களே பெரும்பகுதியினர். அரசர் நாடுகளின் சார்பில் வந்தவர்கள் எஞ்சியோர். இதனாலேயே அவர்கள் செய்தவை செல்லாதவை ஆகிவிடா. ஆயினும், அவ் வவை எழுதியதைத் தொட்டாற் குற்றம் என்று பேசுவோர் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

அத் திசம்பர் 13-இல் சவகர்லால் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். 1947 சனவரி 22-இல் அது நிறைவேறியது. இந்திய ஒன்றியத்துள் அமையும் நிலப்பகுதிகள் தன்னாட்சி உறுப்புகளாக விளங்கும் என்றும், நடுவணரசுக்கென்று ஒதுக்கப்பட்டவை போக எஞ்சிய அதிகாரங்கள் யாவும் அவற்றுக்கே உரியவை என்றும் அத் தீர்மானம் தெளிவாகக் கூறிற்று. அதற்கு முன் 1946 மே 16-இல் ஆங்கிலேய அமைச்சர் குழு அறிவித்த திட்டமும் அயலுறவு, பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்பு என்னும் மூன்றையே நடுவணரசுக்கு ஒதுக்கியிருந்தது.

பிறகு நாடு பிரிந்தது. 1947 சூன் 3-இல் பிரிவினை அறிவிக்கப்பட்டது. சூலை 5-ஆம் நாளிட்டு, நேருவைத் தலைவராகக் கொண்ட ஒன்றிய அதிகாரக் குழு தன் இரண்டாம் அறிக்கையை அளித்தது. பிரிவினை முடிவாகிவிட்டமையால் வலுக்குன்றிய நடுவணரசு நாட்டுக்குத் தீங்காகும் என்றும், எஞ்சிய அதிகாரங்கள் நடுவணரசிடமே இருத்தல் வேண்டும் என்றும் அது முடிவு கட்டிற்று. சனவரியில் மாநிலங்களுக்கென்று எழுதிய கை, ஆறு திங்கள் நிரம்புமுன் நடுவணரசுக்கென்று திருத்தி எழுதிவிட்டது. முசுலிம் லீகை அவைக்குள் அழைத்துவரும் பொருட்டே முன்னைத் தீர்மானம் அவ்வாறு வரையப்பட்டது என்று சமன்பாடு சொல்வாருண்டு. அஃது உண்மையாயின், தன்னாட்சி என்பது கொள்கையாக அன்று, தூண்டிற் புழுவாகவே அன்று வைக்கப்பட்டது என்றன்றோ பொருள்படும்!

அக் காலத்தின் கொடுமையை மறுப்பதற்கில்லை. பஞ்சாபிலும் வங்கத்திலும் குருதி ஆறாய் ஓடிற்று. ஏதிலிகள் இலக்கக் கணக்கில் எல்லை கடந்தனர். காசுமீரத்திற் போர் மூண்டது. ஐதராபாத்துச் சிக்கல் தீராதிருந்தது. அந் நெருப்பின் நடுவே அமர்ந்து எழுதியவர்கள் வலிய நடுவணரசை விரும்பியது வியப்பன்று. ஆனால் நெருப்பணைக்க வைத்த நீர்த்தொட்டியை, நெருப்பு அணைந்தபின்னும் வீட்டின் நடுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டு, அதுதான் வீட்டின் தூண் என்று சொல்லுவது எத்தகைய கட்டடக் கலை?

அதனை அன்றே சொன்னவர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற காங்கிரசுக்காரர், கே. சந்தானம். 1947 ஆகத்துத் திங்களில் ஒன்றிய அதிகாரக் குழுவின் அறிக்கை அவைமுன் வந்தபோது அவர் பேசினார். எல்லா அதிகாரங்களையும் நடுவணரசின் தலைமேல் ஏற்றிவிட்டால் அது வலுப்பெற்றுவிடும் என்னும் ஒரு பித்து அவையைப் பிடித்திருப்பதாகக் கடிந்துகொண்டார். எல்லாப் பொறுப்பையும் சுமக்கும் அரசு எதனையும் உருப்படியாகச் செய்யாது என்றார். தன் மக்களுக்குக் கல்வி தரவும் உடல்நலம் காக்கவும் வழியின்றி மாகாணங்கள் நடுவணரசின் வாயிலில் நின்று இரந்து பெறும் நிலையை உண்டாக்கும் அரசமைப்புத் தமக்கு வேண்டா என்று வெளிப்படையாகவே கூறினார். இவர் தன்னாட்சி வெறியர் அல்லர். பிற்காலத்தில் இரண்டாம் நிதிக் குழுவின் தலைவராக நடுவணரசே அமர்த்திய அறிஞர். அவர் அஞ்சியது எவ்வளவு மெய்யாயிற்று என்பதை அறியப் பழங்கதை எதுவும் வேண்டா. 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியின் குழுவில், முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். நடுவணரசின் ஒற்றை வாக்குக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அத்தனையும் ஒருமித்து நின்றாலும் தில்லி தலையசைத்தாலன்றி ஒரு வரிவீதமும் மாறாது.

இனி ஆளுநரைப் பார்ப்போர் வியப்படைவர். வல்லபாய் பட்டேலைத் தலைவராகக் கொண்ட மாகாண அரசமைப்புக் குழு 1947-இல் முன்மொழிந்தது என்ன? ஆளுநரை அம் மாகாண மக்களே, வயதுவந்தோர் வாக்குரிமையின்படி நேரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே. அவை அவ் வாண்டு சூலையில் அதனை ஏற்றுக்கொண்டும்விட்டது. 1948-இல் வெளிவந்த வரைவிலும் தேர்தல் என்பது ஒரு வழியாக நின்றது. மாகாணப் பேரவை தேர்ந்து தரும் நால்வருள் ஒருவரைக் குடியரசுத் தலைவர் அமர்த்தலாம் என்பது மற்றொரு வழி. இரண்டிலும் மாகாணத்தின் கை இருந்தது. 1949 மே 30, 31 ஆகிய இரு நாள்களில் அவ் விரண்டும் ஒருங்கே தூக்கியெறியப்பட்டன. பீகாரைச் சேர்ந்த பிரசேசுவர் பிரசாத் கொணர்ந்த திருத்தத்தின்படி ஆளுநர் குடியரசுத் தலைவரால் அமர்த்தப்படுபவர் ஆனார்.

மக்கள் தேர்ந்த முதலமைச்சர் ஒருபுறம், மக்கள் தேர்ந்த ஆளுநர் மறுபுறம் என்றிருந்தால் இருவரும் மோதிக்கொள்வர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். அதில் உண்மையும் உண்டு. நேரு அத் திருத்தத்தைத் தாங்கிப் பேசினார். கட்சிச் சழக்கில் ஈடுபடாத சான்றோர் ஆளுநராக வருவர் என்று நம்பிக்கை ஊட்டினார். சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருட்டிணசாமி ஐயர், மாகாண அமைச்சரவையைக் கலந்து கொண்டே ஆளுநரை அமர்த்தும் மரபு வளரும் என்றார். அதே சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருட்டிணமாச்சாரி, ஆளுநர் எவ்வகையிலும் நடுவணரசின் முகவர் ஆகார் என்று உறுதி கூறினார். ஒரிசாவின் முதலமைச்சராக 1937 முதல் 1939 வரை இருந்து வெள்ளை ஆளுநரோடு பழகியறிந்த பிசுவநாத் தாசு போன்றோர்க்கு மட்டும் அவ் வுறுதிமொழி இனிக்கவில்லை. நடுவணில் ஒரு கட்சியும் மாகாணத்தில் வேறொரு கட்சியும் ஆளும் நாள் வருமே, அந் நாளில் இவ் வாளுநர் எவர் பக்கம் நிற்பார் என்பதே அவருடைய கவலை.

கலந்துகொள்ளும் மரபு, முகவர் ஆகாமை, கட்சிச் சார்பின்மை ஆகிய மூன்றும் அன்று நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவையே. ஆனால் 155-ஆம் பிரிவைத் திறந்து பார்க்கட்டும். குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் ஆளுநரை அமர்த்துவார் என்பது மட்டுமே அங்குண்டு. 156-ஆம் பிரிவோ, குடியரசுத் தலைவர் விரும்பும்வரை ஆளுநர் பதவியில் இருப்பார் என்கின்றது. கலந்துகொள்ளல் என்று ஒரு சொல் எங்கேனும் உண்டா? அவையிற் சொன்னவர்கள் மறைந்தனர். சொல்லாத சட்டம் நிலைத்தது.

இதிலே பெருநகைப்பு ஒன்றுண்டு. வாய்மொழி உறுதியின் மதிப்பை அக் கட்சித் தலைவர்கள் தாமே முன்னர்ப் பட்டறிந்திருந்தனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண ஆளுநர்க்குத் தனிப் பொறுப்புகளையும் விருப்புரிமைகளையும் வாரி வழங்கியது. 1937 தேர்தலில் வென்ற காங்கிரசு, ஆளுநர்கள் அவ் வதிகாரங்களைப் பயன்படுத்தமாட்டார்கள் என்று உறுதி தந்தாலன்றி ஆட்சி ஏற்கமாட்டோம் என்று திங்கட்கணக்கில் ஒதுங்கி நின்றது. அவ் விடைவெளியில் சென்னையில் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் அமைச்சரவை ஆண்டது. வைசிராய் லின்லித்கோ சூன் திங்களில் ஒரு விளக்க உரை அளித்தார். அதனைப் போதுமென்று கொண்டு, சூலையில் இராசாசி சென்னையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 1939-இல் அமைச்சரவைகள் பதவி விலகியதும் அச் சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி ஆளுநரே முழு ஆட்சியையும் கையிலெடுத்துக்கொண்டார். அந்த 93-ஆம் பிரிவின் வழித்தோன்றலே இன்றைய 356-ஆம் பிரிவு.

ஆளுநர் ஆட்சியாலும் தமிழுக்கு ஒரு நன்மை விளைந்ததே என்று வரலாறு கற்றார் சிலர் இடைமறித்துக் கேட்கக்கூடும். உண்மைதான். 1938-இல் இராசாசியின் அமைச்சரவை பள்ளிகளிற் கட்டாய இந்தியைப் புகுத்தியது, தமிழர் எதிர்த்தனர், நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939-இல் உயிர் நீத்தனர். அமைச்சரவை விலகிய பின்னர், 1940 பிப்பிரவரியில் அக் கட்டாயத்தை நீக்கியவர் வெள்ளை ஆளுநர் எர்சுகினே. மக்கள் தேர்ந்தவர் செய்த தீங்கை மக்கள் தேராதவர் நீக்கினார் என்பது மறைக்கத் தகாத செய்தி. ஆனால் அந் நன்மைக்கு ஆயுள் எத்துணை? 1948-இல் இந்தி மீண்டும் பள்ளிகளுள் நுழைந்தது. ஆணையால் வந்தது ஆணையாற் போயிற்று. சட்டத்தில் வேரூன்றாத நன்மை, கொடுத்தவர் ஊர்விட்டுப் போகும்போது அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகின்றது.

அரசமைப்பு அவையில் 356-ஆம் பிரிவு (அன்றைய வரைவில் 278) 1949 ஆகத்து 3, 4 ஆகிய நாள்களில் வாதிடப்பட்டது. ஆளுநரின் அறிக்கை பெற்றோ, பிறவாறோ, ஒரு மாநிலத்தின் ஆட்சி அரசமைப்பின்படி நடைபெற இயலாத நிலை தோன்றியுள்ளது என்று குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால் அவ்வாட்சியைத் தாமே மேற்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. இதில் ‘பிறவாறு’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போராடியவர் எச்.வி. காமத்து. அறிக்கை என்றால் அஃது எழுத்தில் இருக்கும், எவர் எழுதினார் என்று தெரியும், பொய்யெனின் மறுக்கலாம். ‘பிறவாறு’ என்றால் என்ன? ஒற்றர் சொல்லா, கட்சிக்காரர் முணுமுணுப்பா, தொலைப்பேசியில் வந்த செய்தியா? அச் சொல்லுக்கு எல்லையே இல்லை. அது தீங்கு பயக்கும் சொல், பேய்த்தன்மை வாய்ந்த சொல் என்னுமளவுக்குக் காமத்து கடிந்துரைத்து, அதை நீக்குமாறு மன்றாடினார். நீக்கப்படவில்லை. மாநிலத்தைக் காக்கும் கடமை நடுவணரசுக்கு இருக்கும்போது, ஆளுநர் அறிக்கை விடாத நேரத்திலும் அது செயற்பட வழி வேண்டும் என்று அம்பேத்கர் விடையிறுத்தார்.

அம்பேத்கரை இவ்விடத்தில் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. இப் பிரிவு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதை அவர் மறைக்கவே இல்லை. அரசியல் நோக்கத்திற்கு ஆளாகும் வாய்ப்பு உண்டு என்பதை அவையிலேயே ஒப்புக்கொண்டார். இது பயன்படாமலே செத்த எழுத்தாய்க் கிடக்கும் என்று தாம் எதிர்பார்ப்பதாகவும் சொன்னார். பயன்படுத்த நேர்ந்தாலும், குடியரசுத் தலைவர் முதலில் அம் மாநிலத்திற்கு எச்சரிக்கை விடுப்பார், அது பயன்படாவிடின் தேர்தல் நடத்தி மக்களிடமே முடிவை விடுவார், இரண்டும் தோற்றாலன்றோ இப் பிரிவைத் தொடுவார் என்றார். எச்சரிக்கை, தேர்தல், அதன்பின் கலைப்பு என்னும் இம் மூன்று படிகளுள் ஒன்றேனும் பிரிவின் எழுத்தில் ஏறியதா? இல்லை. ஏறியிருப்பின் மூன்று வரிகூட ஆகியிராது. பேசியதற்குச் செலவான மையில் பத்தில் ஒன்று போதும்.

செத்த எழுத்து 1951 சூனில் பஞ்சாபில் உயிர்த்தெழுந்தது. 1959 சூலையில் கேரளத்தில், பேரவையில் பெரும்பான்மை குன்றாத ஆட்சியைக் கலைத்தது. 1977-இல் சனதா அரசு ஒன்பது மாநிலப் பேரவைகளைக் கலைத்தது; 1980-இல் இந்திரா காந்தியின் அரசு அதற்கு ஒன்பதாலேயே மறுமொழி தந்தது. கட்சி மாறினும் கருவி மாறவில்லை. 1994-க்குள் தொண்ணூறு முறைக்கு மேல் அது பயன்படுத்தப்பட்டுவிட்டது. தமிழ்நாடு மட்டும் 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை அதன் சுவையை அறிந்தது.

அந் நான்கனுள் ஈற்றதை ஆழ்ந்து நோக்கல் வேண்டும். 1991 சனவரி. ஆண்டது கலைஞர் கருணாநிதியின் அரசு. பேரவையில் அதற்குப் பெரும்பான்மை இருந்தது. தில்லியில் காங்கிரசின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது சந்திரசேகரின் சிறுபான்மை அரசு. விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைச் சுட்டி, சட்டம் ஒழுங்கு கெட்டதெனக் கூறப்பட்டது. ஆளுநராக இருந்தவர் சுர்சித் சிங் பர்னாலா. கலைக்குமாறு அறிக்கை தர அவர் இசையவில்லை. நடுவணரசு அமர்த்திய ஆளுநரே, ‘கலைக்க வேண்டியதில்லை’ என்று நிமிர்ந்து நின்ற நேரம் அது. சட்டம் வேறு சொல் ஒன்றை வைத்திருந்ததே! சனவரி 30 அன்று ஆளுநரின் அறிக்கை இன்றியே, ‘பிறவாறு’ கிடைத்த செய்தியைக் கொண்டு தமிழ்நாட்டின் ஆட்சி கலைக்கப்பட்டது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார். அவர் பதவியை உதறினார். காமத்து மன்றாடி நாற்பத்திரண்டு ஆண்டுகட்கும் குறைவான காலத்தில், அவர் சுட்டிய அதே சொல், அவர் அஞ்சிய அதே வகையில், சென்னைக் கோட்டையின் மேல் வந்து விழுந்தது. ஒரு நேர்மையாளர் ஆளுநராக இருந்தும் பயனில்லாமற் போயிற்று என்பதைக் கருதுக. சான்றோரை அமர்த்துவோம் என்ற 1949-ஆம் ஆண்டு உறுதிமொழி தப்பித்தவறி நிறைவேறிய இடத்திலும், சட்டச்சொல் அச் சான்றோரைத் தாண்டிச் சென்றது.

1976-ஆம் ஆண்டுக் கலைப்பால் விளைந்த இழப்போ இன்னும் தீரவில்லை. அவ் வாண்டு சனவரி 31-இல் பேரவை போயிற்று. 1977 சூன் வரை தமிழ்நாட்டுக்குப் பேரவையே இல்லை. அவ் விடைக்காலத்திலேதான் 42-ஆம் திருத்தம் நிறைவேறி, கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு இழுக்கப்பட்டது. பட்டியலை மாற்றும் திருத்தத்திற்குப் பாதி மாநிலங்களின் பேரவைகள் இசைவு தர வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தமிழ்நாட்டுக்கு அன்று வாயே இல்லை. நெருக்கடிநிலை நீங்கியபின் வந்த 44-ஆம் திருத்தம் பலவற்றைத் திரும்பத் தந்தது, கல்வியைத் தரவில்லை. மருத்துவக் கல்வி நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு 2021-இலும், ஆளுநர் திருப்பியனுப்பிய பின் 2022 பிப்பிரவரியிலும் பேரவை நிறைவேற்றிய வரைவு, குடியரசுத் தலைவரின் இசைவு பெறாமலே போனதற்கு வழி அமைத்தது இப் பட்டியல் மாற்றமே.

356-ஆம் பிரிவின் கொடுமை 1994 மார்ச்சுக்குப் பின் குறைந்தது. எவரேனும் மனம் திருந்தியதாலா? அன்று. எசு.ஆர். பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், கலைப்பாணை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது, பெரும்பான்மையைப் பேரவையில்தான் காண வேண்டும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசையுமுன் பேரவையைக் கலைத்தல் ஆகாது என்று வரையறுத்தனர். எழுத்தில் ஓர் எல்லை வந்தது, கை பின்வாங்கியது. அம்பேத்கர் எதிர்பார்ப்பு நாற்பத்தைந்து ஆண்டுகள் செய்யாததை ஒரு தீர்ப்புச் செய்தது. இராசமன்னார் குழு 1971-இலேயே இப் பிரிவை அறவே நீக்குமாறு பரிந்துரைத்திருந்தும் தில்லி செவிசாய்க்கவில்லை என்பதையும் இவண் சேர்த்து எண்ணுக.

கலைக்கும் வழி குறுகியதும், தடுக்கும் வழி அகன்றது. 200-ஆம் பிரிவு பேரவையின் வரைவுக்கு ஆளுநர் இசைவளிப்பதைப் பற்றியது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஆளுநரின் விருப்புரிமைக்கு விட்டிருந்தது. 1949-இல் அரசமைப்பின் வரைவிலும், வரைவைப் பேரவைக்குத் திருப்பியனுப்பும் இடத்தில் ‘தம் விருப்புரிமையில்’ என்னும் தொடர் இருந்தது. பொறுப்பாட்சியில் ஆளுநர்க்கு விருப்புரிமைக்கு இடமில்லை என்று கூறி அம்பேத்கரே அதனை நீக்கினார். நன்று. ஆனால் காலவரையறை? குடியரசுத் தலைவர் ஒரு வரைவைத் திருப்பியனுப்புவதற்கு ஆறு கிழமை என்று முதல் வரைவில் எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு ‘இயன்ற விரைவில்’ என்று மாற்றினர். அன்றும் எழுந்து நின்றவர் அதே காமத்துதான். பொருளற்ற அத் தொடரை விட எண்ணிக்கையே நன்று என்று வாதிட்டார். ஆளுநர்க்குரிய பிரிவிலும் ‘இயன்ற விரைவில்’ என்பதே இடம்பெற்றது. இயலுதல் எவர்க்கு? விரைவு எதனோடு ஒப்பிட்டு? தொல்காப்பியரைக் கேட்டாலும் அத் தொடருக்குக் கால எல்லை காணமாட்டார்.

2023 நவம்பரில் தமிழ்நாட்டுப் பேரவையின் பத்து வரைவுகளுக்கு ஆளுநர் இசைவு மறுத்ததும், பேரவை மீண்டும் அவற்றை நிறைவேற்றியதும், அவற்றை அவர் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பியதும் பலரும் அறிந்தவை. 2025 ஏப்பிரல் 8-இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், அப் பத்தும் இசைவு பெற்றனவாகக் கருதப்படும் என்று தீர்த்துக் காலவரையறையும் வகுத்தனர். தமிழர் மகிழ்ந்தனர். நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்குக் கருத்துரைத்த ஐவர் ஆயம், நீதிமன்றம் காலவரையறை விதிக்க இயலாது, இசைவு பெற்றதாகக் கருதுவதும் ஆகாது என்றது. இசைவளிப்பதா, திருப்புவதா, மேலனுப்புவதா என்று தெரிவதில் ஆளுநர்க்கு விருப்புரிமை உண்டு என்றது. திருப்பியனுப்பாமல் வெறுமே இசைவு மறுத்தல் கூடாது, கரணியமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால் முடிவெடுக்குமாறு மட்டும் நீதிமன்றம் சொல்லலாம் என்பவை ஆறுதலாக எஞ்சின. 1949-இல் ஆறு கிழமை என்று எழுதியிருந்தால் இத்துணை வழக்கும் எதற்கு?

சட்டச்சொல்லின் அருமை தமிழர்க்குப் புதிதன்று. அவர்கள் உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. இந்தி பேசாதார் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு 1959-இல் நாடாளுமன்றத்தில் உறுதி அளித்தார். 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது அதில் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றே இருந்தது. மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா அச் சொல்லைப் பிடித்தார். ‘தொடரலாம்’ என்பது இசைவு. ‘தொடர வேண்டும்’ என்பது கட்டளை. வினைமுற்றின் ஈற்றில் உள்ள வேறுபாடு ஓர் இனத்தின் பிள்ளைகளுக்கு வேலையா வெறுங்கையா என்னும் வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். 1964 மே திங்களில் நேரு மறைந்தார். 1965 சனவரி 26-இல் இந்தி தனி ஆட்சிமொழியாக ஏறும் நாள் வந்தது. சிவலிங்கமும் அரங்கநாதனும் தம் உடலுக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டனர். மாணவர் குண்டடிபட்டு வீழ்ந்தனர். பிப்பிரவரியில் இலால் பகதூர் சாத்திரி வானொலியில் மீண்டும் ஓர் உறுதிமொழி நல்கினார். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரசு ஆட்சி வீழ்ந்த பின்னரே, அவ் வாண்டு திசம்பரில், சட்டம் திருத்தப்பட்டது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையின் பேரவைகளும் தீர்மானம் நிறைவேற்றும்வரை ஆங்கிலம் நீங்காது என்று எழுத்தில் ஏறியது. அன்று முதல் அவ் விடத்தை எவராலும் அசைக்க முடியவில்லை என்பதைத் தமிழர் மறந்துவிடலாகாது. பேச்சை நம்பிய எட்டாண்டுகளில் தீயும் குண்டும். எழுத்தைப் பெற்ற பின்னர் அவ்வளவில் காப்பு.

இப்பொழுது மற்றோர் உறுதிமொழி காதில் விழுந்துள்ளது. நாடாளுமன்றத் தொகுதிகளை மக்கள்தொகைக் கணக்கின்படி மாற்றியமைப்பதை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 2000 வரையும், 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம் 2026-க்குப் பிறகு எடுக்கும் முதற் கணக்கெடுப்பு வரையும் நிறுத்திவைத்தன. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதன்பொருட்டே தண்டம் இறுத்தல் கூடாது என்பது அந் நிறுத்தத்தின் நோக்கம். மக்களவையின் 543 இடங்களுள் தமிழ்நாட்டுக்கு 39 என்பது அக் கட்டமைப்பில் நின்ற எண்ணிக்கை. 2025 பிப்பிரவரி 26-இல் கோவைக்கு வந்த ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் சா, தென்மாநிலங்கள் எதுவும் விகித அளவில் ஓரிடத்தையும் இழக்கமாட்டா என்று மேடையில் கூறினார். எந்த விகிதம்? இன்றைய இடங்களின் விகிதமா, நாளைய மக்கள்தொகையின் விகிதமா? முன்னதாயின் 39-இன் பங்கு குன்றாது; பின்னதாயின் பேச்சுப் பொய்யாகாமலே பங்கு கரையும். 81-ஆம் பிரிவு மாநிலங்களுக்கிடையே இடங்களைப் பகிரும் அளவு மக்கள்தொகையே என்றும், அவ் விகிதம் ‘இயன்றவரையில்’ எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. மேலே கண்ட ‘இயன்ற விரைவில்’ என்பதற்கு உடன்பிறந்த சொல் அது.

இதன்மேல் எந்த வரைவு எந்நாளில் அவைமுன் வரினும், தமிழ்நாட்டு உறுப்பினர் அமைச்சரின் முன்னுரையைக் கேட்பதற்கு முன் அவ் வரைவின் உறுப்புகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திற்கும் இருந்த பங்கு இதுவென எண்ணால் எழுதப்பட்டுள்ளதா, அன்றி ‘இயன்றவரையில்’ என்பதே அங்கும் நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். எண் இல்லையாயின், 1949-இல் காமத்து செய்ததுபோல் அச் சொல்லைச் சுட்டித் திருத்தம் கொடுத்து, வாக்கெடுப்புக் கேட்டு, எவர் எப்பக்கம் வாக்களித்தார் என்பதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவைக்க வேண்டும்.